தொண்ணூறு பவுண்டு காற்று வந்த வழி

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கத்துப் பட்டறைகளுக்கு ஏர் லைன் இழுத்துக் கொடுப்பது என் தொழில். கம்ப்ரஸரை முதலாளி ஏற்கெனவே வாங்கி இறக்கியிருப்பார். அதன் டேங்கிலிருந்து கருவியின் வாய் வரைக்கும் காற்றைக் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. பைப், வளைவு, ஃபில்டர், ரெகுலேட்டர், ஹோஸ், கப்ளர் என்று பட்டறைக்காரர்கள் கடைசியாக நினைத்துப் பார்க்கிற சாமான்கள் எல்லாம் என் பையில்தான் இருக்கும்.

"ஏனுங்க, அஞ்சு எச்.பி. கம்ப்ரஸர் வாங்கிப் போட்டும் காத்து பத்தலீங்களே" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் டேங்கின் கேஜ் 120 பவுண்டு காட்டும். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கைத்தான் பட்டறையில் சுருக்கிப் பவுண்டு என்கிறோம். அந்த 120 பவுண்டு, முப்பது மீட்டர் நீளமுள்ள கால் இஞ்ச் ஹோஸில் ஊர்ந்து மறுமுனைக்கு வருவதற்குள் பாதியாகியிருக்கும். வீல் நட்டில் மாட்டிய இம்பாக்ட் கன் முனகிக்கொண்டு நிற்கும். காற்று டேங்கில் நிறைய இருக்கிறது, கைக்கு வரவில்லை.

அழுத்திய காற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரங்களின் பெயரைச் சொல்லி எழுதுகிறார்கள். யார் எந்த ஆண்டு எத்தனை குதிரைத்திறனில் கம்ப்ரஸர் செய்தார்கள் என்று பட்டியல் நீளும். என் கண்ணுக்கு அந்த வரலாற்றின் பெரும்பகுதி குழாயிலும் வால்விலும் இருக்கிறது. காற்றை அழுத்துவதற்கு ஆட்கள் எப்போதும் கிடைத்தார்கள். அதைத் தூரத்துக்குக் கொண்டுபோய், வேண்டிய அளவுக்கு இறக்கி, ஒரு தொழிலாளியின் கையில் பத்திரமாகக் கொடுப்பதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது. அந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆல்ப்ஸ் மலையில் தொடங்கலாம். 1857-ல் மலையைக் குடைந்து ரயில் விடும் வேலை ஆரம்பமானது. ஒரு பக்கம் மோடான், மறுபக்கம் பார்டோனெக்கியா. இடையில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் பாறை. மலை மிக உயரம் என்பதால் நடுவில் மேலிருந்து காற்றுக்குழி இறக்க வழியில்லை. உள்ளே நீராவி எஞ்சினை ஓட்டினால் புகையிலேயே ஆட்கள் மடிந்துபோவார்கள். உளியும் சம்மட்டியும் மட்டும் கொண்டு வெட்டினால் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

ஜெனீவாவைச் சேர்ந்த இயற்பியலாளர் டேனியல் கொலடான், அழுத்திய காற்றைக் குழாய் வழியாகச் சுரங்கத்துக்குள் அனுப்பலாம் என்று 1852-லேயே யோசனை சொன்னார். நீண்ட குழாயில் போகும்போது அழுத்தமெல்லாம் வீணாகிவிடும் என்று அப்போது பலர் அஞ்சினார்கள். கொலடான் குழாய்களை வைத்துச் சோதித்துப் பார்த்து, குழாய் போதிய அகலமாக இருந்தால் இழப்பு பயப்படும் அளவுக்கு இருக்காது என்றார். நான் பட்டறை முதலாளிகளிடம் இன்றைக்கும் மன்றாடிச் சொல்வது அதைத்தான்.

ஜெர்மைன் சொமெயே என்ற பொறியாளர், கிராண்டிஸ், கிரத்தோனி என்ற இரண்டு தோழர்களுடன் அதைச் செய்து காட்டினார். மலையோடை நீரின் விசையால் காற்றை ஆறு வளிமண்டலம் அளவுக்கு அழுத்தி, இரும்புக் குழாயில் உள்ளே அனுப்பினார்கள். 1861-ல் பார்டோனெக்கியா முனையில் காற்றால் ஓடும் துளைக்கருவிகள் பாறையில் இறங்கின. வேலை செய்து முடித்த காற்று சுரங்கத்துக்குள்ளேயே வெளியேறி, அங்கே இருந்தவர்களுக்கு மூச்சுக் காற்றாகவும் ஆனது.

அந்தச் சுரங்கத்தின் அமைப்பில் என் மனம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. இரும்புக் குழாய் சுரங்கம் நீள நீளக் கூடவே நீண்டது. ஆனால் துளை போட்டு முடித்து வெடி வைக்கும் நேரத்தில் கருவிகள் ஏற்றிய வண்டியைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். இரும்புக் குழாயை அப்படி இழுக்க முடியாது. ஆகவே கடைசிப் பகுதிக்கு மட்டும் வளைந்து கொடுக்கும் ஹோஸ். ஏறக்குறைய முழுத் தூரமும் அசையாத பெரிய குழாய், கடைசிச் சில அடி மட்டும் அசையும் ஹோஸ் என்ற அந்த ஏற்பாட்டைத்தான் இன்றைக்குக் கணபதியில் ஒரு டிங்கரிங் பட்டறைச் சுவரில் நான் போடுகிறேன். ஹோஸ் கை அசைவதற்காக இருப்பது. தூரத்தைக் கடக்கும் வேலையை அதன் தலையில் கட்டக்கூடாது.

1870 டிசம்பரில் இரு பக்கத்துச் சுரங்கமும் சந்தித்தன. 1871 செப்டம்பரில் ரயில் ஓடியது. அதைப் பார்க்க சொமெயே இல்லை. இரண்டு மாதம் முன்பு, ஜூலையில் இறந்துபோனார்.

ஹோஸ் என்ற பொருளுக்குத் தனி வரலாறு உண்டு. 1670-களில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் யான் வான் டெர் ஹெய்டன் என்ற ஓவியர் தம் சகோதரருடன் சேர்ந்து தீயணைப்புக்காகத் தோல் ஹோஸ் செய்தார். ஐம்பது அடித் துண்டுகளாகத் தைத்து, முனைகளில் பித்தளை இணைப்பு வைத்தார். நல்ல ஓவியராகப் பெயர் எடுத்தவர் நகரத்தின் தீயணைப்புத் தலைவராகவும் ஆனது அந்த ஹோஸால்தான். தோல் காய்ந்தால் வெடிக்கும், ஈரத்தில் கிடந்தால் மக்கும். தண்ணீருக்கே தையல் தாங்காத தோல், காற்றுக்குத் தாங்குவது கடினம். சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்திய ரப்பருக்கு 1844-ல் காப்புரிமை பெற்ற பிறகே நல்ல ஹோஸுக்கு வழி பிறந்தது. உள்ளே ரப்பர், நடுவில் பருத்தித் துணி அடுக்கு, மேலே காப்பு என்ற மூன்றடுக்கு முறை நிலைபெற்றது. 1870-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் குட்ரிச் தொடங்கிய ரப்பர் ஆலையின் முதல் சரக்குகளில் துணி சுற்றிய தீயணைப்பு ஹோஸும் ஒன்று.

அதே காலத்தில் ஆல்ப்ஸ் சுரங்கத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரையை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க இளைஞர் படித்தார். ஓடும் ரயிலை நிறுத்துவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தவர் அவர். ஆயிரக்கணக்கான அடி தூரம் குழாயில் போய்ப் பாறையைத் துளைக்கும் காற்றால் ரயில் சக்கரத்தைப் பிடிக்க முடியாதா என்று யோசித்தார். 1869-ல், 22 வயதில், ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார்.

பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் ரப்பர் ஹோஸ் தொங்கியது. முதல் அமைப்பில் அந்த ஹோஸ் அறுந்தால் பிரேக் போய்விடும். 1872-ல் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும். அழுத்தம் இறங்கினால் பிரேக் பிடிக்கும். ஹோஸ் அறுந்தால் ரயில் தானாக நின்றுவிடும். ஹோஸ் ஒருநாள் அறுந்தே தீரும் என்பதை ஒப்புக்கொண்டு, அறுந்தாலும் ஆளுக்குச் சேதமில்லாமல் அமைப்பை யோசித்த அந்த அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். நம் பட்டறைகளில் அரை இஞ்ச் ஹோஸ் கப்ளரோடு பிடுங்கிக்கொண்டு சுழன்றடித்து ஆட்களுக்குக் காயம் ஆவது நடக்கிறது. அதைத் தடுக்க, ஓட்டம் திடீரென்று கூடினால் தானே மூடிக்கொள்ளும் பாதுகாப்பு வால்வு கடையில் கிடைக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

ரயில் பிரேக்கில் இன்னொரு பாடமும் இருந்தது. எஞ்சினில் உள்ள பெரிய கலத்தில் 90 பவுண்டு காற்று இருக்கும். ரயில் நீளத்துக்கும் ஓடும் குழாய்க்கு 70 பவுண்டு போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு உட்கார்ந்துகொண்டு, கலத்தில் ஏறினாலும் இறங்கினாலும் குழாயில் 70-ஐக் காத்தது. சேமிப்பில் அதிகம் வைத்து, உபயோகத்துக்குக் குறைத்து எடுப்பது என்ற பழக்கம் ரயில்காரர்களுக்கு இப்படி வந்தது. எஞ்சின்களுக்குக் காற்று அடிக்கும் பம்புகள் பழசானபோது அவற்றைக் கழற்றி ரயில்வே பட்டறைகளில் வைத்துப் பாரம் தூக்கவும் கருவி ஓட்டவும் பழகினார்கள். பட்டறைக்குள் காற்று நுழைந்த வழிகளில் அது முக்கியமானது. இந்திய ரயில்களில் நெடுங்காலம் வெற்றிட பிரேக்குதான் இருந்தது. ஏர் பிரேக் பரவலானது 1980-களுக்குப் பிறகு.

இப்போது பாரிஸ் நகரத்துக்கு வருகிறேன். என் தொழிலின் மூதாதையர்கள் அந்த நகரத்துச் சாக்கடைச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் என்பது என் எண்ணம்.

விக்டர் பாப் ஆஸ்திரியாவிலிருந்து வந்த பொறியாளர். 1880-களின் தொடக்கத்தில் பாரிஸின் தெருக் கடிகாரங்களைக் காற்றால் ஓட்டினார். மைய நிலையத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு காற்றுத் துடிப்பு புறப்படும். சாக்கடைச் சுரங்கத்தில் பொருத்திய குழாய் வழியாகப் போய், ஒவ்வொரு கடிகாரத்துக்குள்ளும் ஒரு சிறு துருத்தியை உப்ப வைக்கும். முள் ஒரு நிமிடம் நகரும். நகரம் முழுக்க ஒரே நேரம்.

கடிகாரத்துக்குப் போன காற்று, பிறகு தொழிலுக்கும் போனது. பெல்வில் மேட்டில் சான் ஃபார்ஜோ என்ற இடத்தில் பெரிய கம்ப்ரஸர் நிலையம் எழுந்தது. ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தத்தில், அதாவது 90 பவுண்டை ஒட்டிய அளவில், தெருக்களின் அடியில் காற்று ஓடியது. நீராவி எஞ்சின் வைக்க இடமோ பணமோ இல்லாத சிறு பட்டறைக்காரர்கள் தங்கள் வாசலுக்கு இணைப்பு வாங்கினார்கள். கடைசல்காரர், தையல்காரர், அச்சகக்காரர் எல்லாரும் ஒரு திருகைத் திறந்து இயந்திரத்தை ஓட்டினார்கள். கொதிகலன், நிலக்கரி, புகை என்ற தொல்லையெல்லாம் நகரத்தின் ஒரு மூலையில் இருந்தன. பட்டறையில் சுத்தமான விசை மட்டும்.

ஒவ்வொரு வாடிக்கையாளர் வாசலிலும் குழாய் உள்ளே வந்ததும் ஒரு மீட்டர், அதையடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. அந்த வால்வு இல்லாமல் இந்த வியாபாரமே நடந்திருக்காது. நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ளவருக்கு அழுத்தம் கூடுதலாகக் கிடைக்கும், கடைசித் தெருவில் உள்ளவருக்குக் குறையும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் இயந்திரத்தைப் போட்டால் குழாயில் அழுத்தம் இறங்கும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏறும். ஏறி இறங்கும் காற்றில் கடைசல் ஒரே சீராக ஓடாது. பாரிஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், வரும் அழுத்தம் ஆறாக இருந்தாலும், வால்வைச் சுமார் நாலரைக்கு வைத்தார்கள். பெருங்குழாயில் அழுத்தம் எவ்வளவு இறங்கினாலும் நாலரைக்குக் கீழே போகாத வரை, பட்டறைக்குள் எப்போதும் நாலரைதான்.

ரெகுலேட்டர் வைக்கும் கலை முழுவதும் அந்த ஒரு யோசனைக்குள் இருக்கிறது. நம் பட்டறைக் கம்ப்ரஸர் 125 பவுண்டில் நிற்கும், 100-க்கு இறங்கியதும் மறுபடி ஓடத் தொடங்கும். டேங்க் நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்கும். ரெகுலேட்டரை 90-ல் வைத்தால் கருவிக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. "120 இருக்குதுங்களே, எதுக்கு 90-ல வெக்கோணும்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பாரிஸ் கதையைத்தான் சொல்கிறேன்.

பாரிஸின் காற்றுக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. லண்டன் பேராசிரியர் அலெக்சாண்டர் கென்னடி 1889-ல் போய் அளந்து பார்த்தார். நிலையத்தில் செலவழித்த விசையில் பாதிக்கும் கீழேதான் வாடிக்கையாளரின் இயந்திரத்தில் திரும்பக் கிடைத்தது. காற்றை இயந்திரத்துக்குள் விடும் முன் சிறு அடுப்பில் சூடாக்கினால் நிலைமை தேறியது. சூடாக்காமல் விட்டால் விரிவடையும் காற்று உறைகுளிராகி வெளியேறும் வழியில் பனி கட்டும். மின்மோட்டார் வந்ததும் கடைசல் ஓட்டக் காற்று வாங்குகிறவர்கள் குறையத்தான் செய்தார்கள். 1910 ஜனவரியில் சேன் ஆறு பெருகியபோது ஆற்றங்கரை நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, 21-ஆம் தேதி இரவு 11 மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது பாரிஸின் காற்றுக் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. ஆனாலும் அந்தக் குழாய் வலை சாகவில்லை. தொழிற்சாலைகளும் பல் மருத்துவர்களும் காற்று வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆற்றங்கரையில் 1891-ல் எழுந்த நிலையம் 1994 வரை ஓடியது. அந்தக் கட்டடம் இப்போது கட்டடக்கலைக் கல்லூரி.

நம்பகமான ரெகுலேட்டர் பிறந்த இன்னொரு இடம், யாரும் எதிர்பார்க்காத இடம், பீர் விற்கும் கடை. ஜெர்மனியில் பீப்பாயிலிருந்து பீரை மேலே தள்ளக் கரியமில வாயு உருளை வைத்திருந்தார்கள். உருளைக்குள் இருக்கும் பயங்கர அழுத்தத்தை மெல்ல இறக்கித் தரும் வால்வு சரியாக அமையவில்லை. லூபெக் நகரத்தில் யோஹான் ஹைன்ரிஷ் டிரேகர் 1889-ல் அதற்கு நல்ல வால்வு செய்து தொழில் தொடங்கினார். அவர் பெயரிலான நிறுவனம் பிற்பாடு சுரங்கத் தொழிலாளர்களுக்கும் தீயணைப்பவர்களுக்கும் சுவாசக் கருவி செய்து உலகப் புகழ் பெற்றது. அழுத்தத்தைப் படித்துச் சொல்லும் கேஜ் அதற்கும் முந்தியது. 1849-ல் பாரிஸில் யூஜின் பூர்தோன் செய்தது. வளைந்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். நான் இன்று திறந்து பழுது பார்க்கும் கேஜிலும் அதே வளைந்த குழாய்தான் இருக்கிறது.

ரெகுலேட்டரின் உள்ளேயும் பெரிய மர்மம் ஏதுமில்லை. குமிழைத் திருகினால் ஸ்பிரிங் அழுந்தும். ஸ்பிரிங் ஒரு ரப்பர் சவ்வை அழுத்தும், சவ்வு வால்வைத் திறக்கும், காற்று போகும். அந்தப் பக்கம் அழுத்தம் ஏறியதும் அதே காற்று சவ்வைத் திருப்பித் தள்ளி வால்வை மூடும். ஸ்பிரிங்கும் காற்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் இடம்தான் நாம் வைத்த அளவு. காற்று ஓடாமல் நிற்கும்போது காட்டும் அளவும், ஓடும்போது காட்டும் அளவும் ஒன்றாக இருக்காது. ஆகவே டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே குமிழைத் திருகி அளவு வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 90 வைத்துவிட்டுப் போனால், வேலை நேரத்தில் கருவிக்கு 70 கிடைத்தாலும் யாருக்கும் தெரியாது.

கையடக்கக் கருவிகள் 1890-களில் வேகம் பிடித்தன. சார்லஸ் பிரேடி கிங் 1894-ல் காற்றுச் சம்மட்டிக்குக் காப்புரிமை பெற்றார். டெட்ராய்ட் தெருவில் முதன்முதலாகப் பெட்ரோல் கார் ஓட்டியவரும் அவர்தான். ஜோசப் போயர் செய்த சம்மட்டி ரிவெட் அடிக்கும் தொழிலையே மாற்றியது. 1901-ல் சிகாகோ நியூமேட்டிக் டூல் கம்பெனி உருவானது. பாலம், கப்பல், கொதிகலன் எல்லாம் ரிவெட்டில் நின்ற காலம் அது.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு ரிவெட்டை விடப் பெயிண்டுதான் அதிகம் காற்றைக் கொண்டுவந்தது. ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில் டெவில்பிஸ் என்ற மருத்துவர் தொண்டைக்கு மருந்து தெளிக்கச் சிறு கருவி செய்து விற்றார். அவர் மகன் 1907-ல் அதையே பெயிண்ட் அடிக்கும் கன்னாக மாற்றினார். அந்தக் கன் எல்லா வண்டிப் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் 1920-களில் வந்த டூகோ. டூபான்ட் கம்பெனியின் அந்தப் பெயிண்ட் மிக வேகமாகக் காயும். பழைய வார்னிஷ் பெயிண்டில் ஒரு காரை முடிக்க வாரக்கணக்கில் ஆனது. டூகோவில் சில நாள் போதும். ஆனால் பிரஷ்ஷால் இழுத்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதால் காற்றால் தெளிப்பதே சரியான வழி. பெயிண்டை மாற்றியவர்கள் கம்ப்ரஸரும் வாங்கியாக வேண்டியிருந்தது. பீரோவுக்கும் கதவுக்கும் டூகோ அடிக்கிறோம் என்று நம் பெயிண்டர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பெயிண்ட் வந்த பிறகுதான் காற்றின் சுத்தம் ஒரு பிரச்சினையாகக் கண்ணில் பட்டது. சம்மட்டிக்கு எண்ணெய் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தேய்ந்துபோகும். பெயிண்டுக்கு ஒரு துளி எண்ணெய் ஆகாது, பூசிய பரப்பில் சிறு சிறு குழிகளாகக் கிளம்பிவிடும். டென்வர் நகரத்தில் 1925-ல் தொழில் தொடங்கிய கார்ல் நார்கிரன், எண்ணெயை மூடுபனி போலக் காற்றோடு கலந்து கருவிக்கு அனுப்பும் கருவியை 1927-ல் கொண்டுவந்தார். ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் என்று வரிசையாக மாட்டும் இன்றைய வழக்கத்தில் மூன்றாவது இடம் அதற்கு. எண்ணெய் கலந்த காற்று பழைய இயற்கை ரப்பர் ஹோஸை உள்ளிருந்து ஊதி உரித்தது. 1931-ல் டூபான்ட் விற்கத் தொடங்கிய நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பர்கள் அதற்கு விடை ஆயின. பெயிண்ட் அடிக்கும் லைனையும் கருவி ஓட்டும் லைனையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஒருமுறை லூப்ரிகேட்டர் வழியாகப் போன ஹோஸைப் பெயிண்டுக்கு எடுக்கக்கூடாது.

கோயம்புத்தூருக்குக் காற்று வந்தது மின்சாரத்தின் தோளில் ஏறி. 1930-களில் பைக்காராவின் மின்சாரம் இங்கே இறங்கியதும் மில்களும் பவுண்டரிகளும் பெருகின. அதற்கு முன்பே பஸ் தொழில் வேர் விட்டிருந்தது. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தம் முதல் பஸ்ஸை விட்டார். பஸ் இருந்தால் டயர் இருக்கும், டயருக்குக் காற்று வேண்டும். 1937-ல் போக்குவரத்தில் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்கள் குழுமத்திலிருந்து 1960-ல் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் பிறந்து, வண்டிப் பட்டறைக்கான சாதனங்களும் கம்ப்ரஸரும் இங்கேயே செய்யத் தொடங்கியது. பஸ் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஷெட்டின் தேவையிலிருந்து கம்ப்ரஸர் தொழிலுக்குப் போனார்கள் என்பது இந்த ஊரின் இயல்புக்குப் பொருத்தமானது. பிற்பாடு நெசவாலைகளில் காற்றாலேயே ஊடை நூலைத் தள்ளும் தறிகள் வந்தபோது காற்றின் தேவை பல மடங்கானது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். லைன் போடுவதற்கு முன் பட்டறைக்குள் ஒரு நடை நடந்து, எந்த ஆள் எங்கே நிற்பான், எந்தக் கையில் கருவி பிடிப்பான் என்று பார்ப்பார். "தம்பி, பைப்பு செவுத்துக்குப் போடறதில்ல, ஆளுக்குப் போடறது" என்பார். மெயின் பைப்பை ஜி.ஐ.-யில் முக்கால் இஞ்சுக்குக் குறைத்துப் போட விடமாட்டார். நூறு அடிக்கு ஓரடி சரிவு வைப்பார். கிளைக் குழாயை மெயினின் அடியிலிருந்து எடுக்காமல் மேலிருந்து எடுத்து வளைத்து இறக்குவார். தாழ்ந்த முனையில் தண்ணீர் இறங்க ஒரு கால் விட்டு அதில் வால்வு வைப்பார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நாம் உறிஞ்சும் காற்றிலேயே அது இருக்கிறது. காற்றை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால், ஆறிய பிறகு அதனால் பழைய ஈரத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் தாங்க முடியும். மிச்சம், நனைந்த துணியைப் பிழிந்தது போல, டேங்கிலும் பைப்பிலும் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் ஒரு பெயிண்ட் பட்டறை டேங்கைத் திறந்துவிட்டால் துருவோடு கலந்த தண்ணீர் பக்கெட் கணக்கில் வரும். மேலிருந்து எடுத்த கிளைக்குள் அந்தத் தண்ணீர் ஏறாது. சான் ஃபார்ஜோ காலத்திலிருந்து குழாய்க்காரர்கள் போராடுவது இந்தத் தண்ணீரோடுதான்.

ஹோஸின் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரே அளவு காற்று ஓடும்போது உள்விட்டம் பாதியானால் வழியில் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அரை இஞ்ச் இம்பாக்ட் கன் ஓடும் நேரத்தில் நிமிடத்துக்கு இருபது கன அடிக்கு மேல் காற்று கேட்கும். அதைக் கால் இஞ்ச் ஹோஸில் கொடுப்பது கருவியைப் பட்டினி போடுவது. முதலாளி மேலும் அழுத்தத்தைக் கூட்டுவார், கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடும், கரண்ட் பில் ஏறும். லைனில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், ஏழு பார் அழுத்தத்தில் அது மட்டும் மூன்று கிலோவாட்டுக்குக் குறையாமல் தின்னும். கென்னடி 1889-ல் அளந்து சொன்ன வீணாக்கம் இன்று ஒவ்வொரு பட்டறைக்குள்ளும் கப்ளரின் ஓரத்தில் சீறிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருவது காற்றை ஆள் மேல் அடிப்பது. வேலை முடிந்து பையன்கள் ஏர் கன்னை எடுத்துச் சட்டைத் தூசியை ஊதுவதை எல்லாப் பட்டறையிலும் பார்க்கிறேன். துடைப்பதற்கு ஊதும் காற்று 30 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1970-களிலிருந்தே விதி இருக்கிறது. அங்கேயும் அது இயந்திரத்தைத் துடைக்கத்தான், உடம்பைத் துடைக்க அல்ல. 90 பவுண்டு காற்று தோல் வழியே உள்ளே போகும், கண்ணைக் கெடுக்கும், காதைக் கிழிக்கும். விளையாட்டுக்கு ஒருவன் மேல் காற்றடித்து உயிர் போன செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் பலமுறை வந்துவிட்டன. 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, அழுத்தத்தில் இயங்கும் எந்தச் சாதனமும் அதற்குரிய பத்திரமான அளவைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னது. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் தெருவோரப் பட்டறைக்குள் அந்தச் சட்டத்தின் கண் பெரும்பாலும் வந்ததில்லை. அங்கே முதலாளியின் கண்தான் சட்டம்.

ஆகவே பட்டறை வைத்திருக்கும் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கம்ப்ரஸர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து முதலில் ஹோஸை அரை இஞ்சாக மாற்றுங்கள். பெயிண்டுக்குத் தனி லைன், தனி ரெகுலேட்டர் போடுங்கள். ஊதும் கன்னுக்கு 30 பவுண்டில் இன்னொரு ரெகுலேட்டர் வைத்து, அதன் குமிழைப் பூட்டிவிடுங்கள். தினமும் சாயங்காலம் கம்ப்ரஸரை நிறுத்தியதும் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.